சோர்வும் வீட்டு வேலையும்: ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கேள்வி பதில்

நாள்பட்ட நோயோட இருக்கிறவங்க, கையில இருக்கிற கொஞ்சத் தெம்பை எப்படிச் செலவழிக்கிறதுங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு. நோயோடவே அன்றாட வேலைகளைச் செய்ய வழி சொல்றதுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டான என் வேலை. மருந்து எழுதிக் கொடுக்கிறது என் வேலை இல்ல, அதை டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி (திருச்சி): மேடம், கோவிட் வந்துபோனதுல இருந்து பழைய தெம்பு இல்ல. போன வாரம் ஒருநாள் நல்லா இருந்துச்சு, பரணையே இறக்கிச் சுத்தம் பண்ணிட்டேன். அடுத்த ரெண்டு நாள் எழுந்திரிக்கவே முடியல.

பதில்: உங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஆபத்து, உடம்பு நல்லா இருக்கிற நாள்லதான். தெம்பு வந்ததும், விட்டுப்போன வேலை மொத்தத்தையும் அன்னைக்கே முடிச்சிடணும்னு கை பரபரக்கும். அதுக்கான அடி அப்பவே விழாது, பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துல இருந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் விழும். அதனால திங்கக்கிழமை பரணையும் புதன்கிழமை படுக்கையையும் நாம சேர்த்துப் பார்க்கிறதே இல்ல. கந்துவட்டிக் கடன் மாதிரிதான் இது, எடுத்ததை விட அதிகமாத் திருப்பிக் கட்டணும்.

காலண்டர் கட்டத்துல தினமும் ரெண்டு விஷயம் எழுதுங்க: என்ன செஞ்சீங்க, உடம்பு எப்படி இருந்துச்சு. சில வாரத்துல உங்க அளவு உங்களுக்கே பிடிபடும். அடுத்த நல்ல நாள்ல பரண்ல ஒரு பெட்டியை மட்டும் இறக்குங்க. இன்னும் செய்ய முடியும்னு தோணும்போதே உட்கார்ந்துடுங்க. களைச்ச பிறகு எடுக்கிற ஓய்வு, களைக்கிறதுக்கு முன்னாடி எடுக்கிற அளவுக்குப் பலன் தராது.

கேள்வி (சேலம்): சத்து டானிக் ஏதாவது சொல்லுங்களேன்?

பதில்: மொதல்ல ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), வைட்டமின் பி12, சர்க்கரை பாருங்க. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி நம்ம நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காரணம் தெரியாம டானிக் வாங்காதீங்க.

கேள்வி (ஈரோடு): எனக்கு முடக்குவாதம் (மூட்டு வீங்கி வலிக்கிற நோய்). அடுப்படியில அரை மணி நின்னாலே கால் நடுங்குது.

பதில்: ஏன் நிக்கிறீங்க? மேடை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. அரிவாள்மனை வேண்டாம். காய் நறுக்கிறதை விட தரையில உட்கார்ந்து எழுந்திரிக்கிறதுலதான் தெம்பு போகுது. குக்கரை சிங்க்ல நிரப்பித் தூக்காதீங்க, அடுப்புல வெச்சிட்டு சொம்பால ஊத்துங்க. இறக்கும்போதும் பாதியைக் கரண்டியால மொண்டு வேற பாத்திரத்துல எடுத்துட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சு இறக்குங்க. துணிக்கொடி நெஞ்சு உயரத்துல இருக்கட்டும், தோளுக்கு மேல கை தூக்கிற ஒவ்வொரு வேலையும் தெம்பை இழுத்துடும். குளிக்கிறதும் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்துதான். தலைக்குக் குளிக்கிற நாள்ல வேற பெரிய வேலை வெச்சுக்காதீங்க.

கேள்வி (கோவை): நான் ஜிம் நடத்துறேன். தினம் கொஞ்சம் கொஞ்சமா நடையைக் கூட்டினா உடம்பு பழகிடும். நீங்க எல்லாரையும் படுக்க வைக்கிறீங்க.

பதில்: சர்க்கரை, முதுகுவலி, ஏன், மேல சொன்ன முடக்குவாதத்துக்கும் அது சரி, நானும் அதைத்தான் சொல்வேன். ஆனா எம்.ஈ./சி.எஃப்.எஸ்.னு ஒரு நாள்பட்ட களைப்பு நோய் இருக்கு. அதுல உழைப்பே நோயை ஏத்திவிடும். 2007-ல இங்கிலாந்துல சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிடுற நைஸ் அமைப்பு, இந்த நோய்க்கு நீங்க சொல்ற மாதிரியே படிப்படியான உடற்பயிற்சியைப் பரிந்துரைச்சது. 2011-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த 641 பேர் ஆய்வும் பலன் இருக்குன்னுச்சு. நோயாளிங்க விடல. தீர்ப்பாயம் வரைக்கும் போய் 2016-ல ஆய்வோட தரவை வெளியே கொண்டுவந்தாங்க. அதை மறுபடி கணக்குப் பார்த்தா, சொன்ன அளவுக்குப் பலன் இல்ல. 2021-ல நைஸ் அந்தப் பரிந்துரையையே எடுத்துடுச்சு.

கோவை மறுபடியும்: வெளிநாட்டுக் கதை. எங்கம்மா அறுபது வயசுலயும் ஆட்டுக்கல்லுல மாவு அரைச்சாங்க.

பதில்: உங்கம்மாவுக்கு இந்த நோய் இல்ல, சார்.

குறுக்கே ஒருவர் (தாம்பரம்): என் கோச்சும் "பழகிடும்"னுதான் சொன்னார். ஓட்டத்தைக் கூட்டிக்கிட்டே போய் கடைசியில மாடிப்படி ஏற முடியாம வேலையை விட்டேன்.

பதில்: ஜிம்காரங்க எல்லாரும் இதைப் படிங்க. சோதிச்சுப் பார்க்கிறது சுலபம்தான். நடந்த அன்னைக்குக் களைப்பு, தூங்கி எழுந்ததும் சரியாயிடுச்சுன்னா தாராளமாக் கூட்டுங்க. மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ காய்ச்சல் வந்த மாதிரி உடம்புவலி, தொண்டைவலி, பேச வார்த்தை வரலைன்னா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. இதுக்கு மேல இந்த வாதம் வேண்டாம், மத்தவங்க காத்திருக்காங்க.

கேள்வி (நாகர்கோவில்): தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை ரெண்டையும் மறக்காம காலையில காபியோட சேர்த்துப் போடுறேன். அப்பவும் சோர்வு.

பதில்: தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, தண்ணியோட. காபி குறைஞ்சது அரை மணி கழிச்சு. இரும்பு மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி விடுங்க, அதோடயும் காபி, டீ கூடாது. டாக்டர்கிட்ட சொல்லிட்டு நேரத்தை மாத்துங்க.

கேள்வி (மதுரை): பகல்ல படுத்தாலே குற்ற உணர்ச்சி. மாமியார் ஒண்ணும் சொல்றதில்ல, நானே என்னைச் "சோம்பேறி"ன்னு திட்டிக்கிறேன்.

பதில்: உடம்பு படுத்திருக்கு, மனசு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. திட்டிக்கிட்டே படுக்கிறது ஓய்வுக் கணக்குல வராது. திட்டுத் தாங்காமதான் பாதியில எழுந்து துணி துவைக்கப் போறீங்க, மறுநாள் விழுறீங்க. அதனால தன்கிட்டயே கருணையா இருக்கிறதை நான் சொகுசா நினைக்கல. நாள்பட்ட சோர்வுக்கு அது சிகிச்சையில ஒரு பகுதி. "சோம்பேறி"ன்னு வரும்போது, நடக்கிறதை மட்டும் சொல்லுங்க: "நேத்து கல்யாணத்துக்குப் போனேன், இன்னைக்கு உடம்பு அதுக்குக் கட்டுது." வீட்லயும் "முடியல"ன்னு பொதுவாச் சொல்லாம, "இன்னைக்கு ஒரு வேலைதான் முடியும், சமையலா துணியா?"ன்னு அவங்களையே கேளுங்க.

கேள்வி (வேலூர்): களைப்புக்கு நல்ல டானிக் எது?

பதில்: சேலத்துக்குச் சொன்னதைப் படிங்க.

கேள்வி (தஞ்சாவூர்): அஸ்வகந்தா சாப்பிடலாமா?

பதில்: என் துறை இல்ல. தைராய்டு மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. டானிக், லேகியம், பொடி எல்லாத்துக்கும் சேர்த்துச் சொல்றேன், மொதல்ல ரத்தப் பரிசோதனை!

கேள்வி (ஆவடி): மனைவிக்கு இந்தக் களைப்பு நோய். எப்பவும் "நான் ஏதாவது பண்ணட்டுமா"ன்னு கேக்கிறேன், எரிஞ்சு விழறாங்க.

பதில்: யோசிச்சு உங்களுக்கு வேலை பிரிச்சுத் தர்றதும் அவங்க தெம்புலதான் போகுது. கேக்காதீங்க. தண்ணி கேன் மாத்துறது, ராத்திரிப் பாத்திரம், மொட்டை மாடித் துணி, இந்த மூணும் இன்னைல இருந்து உங்களுது.