சார் எதைத் திருத்தினார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மெக்கானிக்கல் படித்தவன். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறோம். தொகுக்கும் பொறுப்பு என்னிடம். கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது. ‘கண்டிப்பானவர், ஆனால் தங்கமான மனசு’, ‘அவரால்தான் இன்று இந்த நிலையில் இருக்கிறேன்’ என்று பேராசிரியர் யாராக இருந்தாலும் பொருந்தும் வரிகள். மீதியில் அவருடைய பட்டப்பெயரும் அவர் பேசும் விதமும்தான். பட்டப்பெயரை எடுத்துவிடலாமா? அதைவிட என்னை உறுத்துவது வேறு. ‘அவர் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்?’ என்று நண்பர்களைக் கேட்டால் யாருக்கும் பதில் வரவில்லை. அப்படியானால் இந்த அன்பெல்லாம் கல்லூரிக் காலத்து ஏக்கம் மட்டும்தானா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

ஏக்கம் இருக்கத்தான் செய்யும், அதில் தவறில்லை. ஆனால் நண்பர்களுக்குப் பதில் வராததற்குக் காரணம் அவர்கள் ஒன்றும் கற்காதது அல்ல. கற்றது கை வழக்கமாகிவிட்டது. ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்ததும் கண் முதலில் எங்கே போகிறது, ஓர் அளவை ஏன் இரண்டாவது முறை சரிபார்க்கிறோம் என்பதெல்லாம் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று பழக்கியவை. பழகியபின் அது நம்முடையது என்றே தோன்றிவிடுகிறது.

இதற்கு எங்கும் ஆவணம் கிடையாது. பாடத்திட்டம் இருக்கிறது, பாடப் புத்தகம் இருக்கிறது. அந்த மனிதர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று என்ன கேட்டார் என்பது மாணவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் உங்கள் மலர் நன்றாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எங்களுக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் (பொருள்களின் வலிமையைச் சோதிக்கும்) லேப் எடுத்தவர் மெல்லிய குரலில் பேசுவார். கடைசி பெஞ்சுக்குப் பாதி கேட்காது. வகுப்பில் அவர் சுமாரான ஆசிரியர் என்றுதான் சொல்ல வேண்டும். லேபில் வேறு ஆள். மைல்ட் ஸ்டீல் கம்பியை இழுத்து அறுக்கும் சோதனையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கம்பியை இழுக்கும் யு.டி.எம். இயந்திரத்தின் டயலில் மூன்று ரீடிங் எடுத்து, அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவது. அவர் பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார். சுமை ஏறிக்கொண்டே வந்தது, ஓர் இடத்தில் ஊசி தயங்கி நின்றது, மறுபடி ஏறியது. அப்புறம் உச்சத்தைத் தொட்ட ஊசி மெல்லத் திரும்பி வர ஆரம்பித்தது. அது தள்ளிக்கொண்டு போன இன்னொரு ஊசி மட்டும் உச்சத்திலேயே நின்றது. ‘கம்பி இன்னும் நீண்டுக்கிட்டுதான் இருக்கு. அப்புறம் ஏன் சுமை குறையுது?’ என்றார். யாரிடமும் பதில் இல்லை. டயலை விட்டுவிட்டுக் கம்பியைப் பார்க்கச் சொன்னார். நடுவில் ஓர் இடம் கழுத்துப் போல ஒடுங்கிக்கொண்டிருந்தது. தாங்கும் பரப்பு அங்கே சுருங்கச் சுருங்க, மொத்தச் சுமையும் இறங்குகிறது. புத்தகத்தில் வளைகோடாக மட்டும் பார்த்திருந்த விஷயம் கண் முன்னால் நடந்தது.

பெரிய சத்தத்தோடு கம்பி அறுந்தது. இயந்திரத்தை நிறுத்தி ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அறுந்த முனை நல்ல வெதுவெதுப்பு. ‘இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டுவிட்டு அடுத்த பேட்ச்சைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்த லேப் வரை எங்களுக்கு அதே பேச்சு. உலோகத்தை நிரந்தரமாக உருமாற்றச் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது என்பதை டெய்லர், குவின்னி என்ற இருவர் அளந்து 1934-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். படித்தபோது எனக்கு அது புதிதாக இல்லை.

அவர் கண்டிப்பானவரா, அன்பானவரா? இரண்டும்தான். ஆனால் அதை எழுதினால் அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான துண்டைக் கையில் வைத்ததை எழுதினால் தெரியும்.

இதை மிக நன்றாகச் செய்தவர் கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நடந்ததைத் தன்வரலாற்றில் சொல்கிறார். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்கும் நான்கு நண்பர்களுக்கும் தரப்பட்டது. பேராசிரியர் ஸ்ரீனிவாசன் அவர்கள் வேலையைப் பார்த்துவிட்டு ஏமாற்றமளிக்கிறது என்றார். கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். கிடைத்தது மூன்று நாள், அதுவும் உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையோடு. கலாம் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரைபலகையிலேயே கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ நிற்பது போலத் தெரிந்து திரும்பினால் பேராசிரியர், டென்னிஸ் ஆடும் உடையில். வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கட்டியணைத்துத் தட்டிக்கொடுத்தார்.

இதை மேடையில் சொல்கிறவர்கள் எச்சரிக்கையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியம். மாணவனைப் பயமுறுத்த யாராலும் முடியும். விடுமுறை நாளில் வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்க்கிறவர்தான் ஆசிரியர். உங்கள் மலரிலும் ‘கண்டிப்பு’ என்ற சொல் வரும்போதெல்லாம் இதைக் கேட்டுப் பாருங்கள்: திட்டிய பிறகு அவர் திரும்ப வந்து பார்த்தாரா? வகுப்பு முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தியதைக் கண்டிப்பு என்று எழுதி அழகாக்க வேண்டாம். அதனால் படிப்பை வெறுத்தவர்களும் உங்கள் பேட்ச்சில் இருப்பார்கள்.

ஆசிரியர் சொன்னது தவறிப்போன நினைவு வந்தால் அதையும் தயங்காமல் சேருங்கள். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், நீர், காற்று ஓட்டங்களை ஆராய்ந்த பேராசிரியர் பிராண்டலின் ஆய்வு மாணவர் ஹீமென்ஸ் ஓடும் நீரில் ஓர் உருளையை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். உருளைக்குப் பின்னால் ஓட்டம் சீராக இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இருக்காது என்றார் பிராண்டல். அதைச் சரிசெய்தும் ஆடியது. கால்வாய் இருபக்கமும் சமமாக இல்லையோ என்று ஹீமென்ஸ் அதையும் சரிசெய்தார், ஆட்டம் நிற்கவில்லை. அங்கே இளம் ஆசிரியராக இருந்த வான் கார்மன் தினமும் காலையில் ‘ஓட்டம் சீராகிவிட்டதா?’ என்று கேட்பார். ‘ஆடிக்கொண்டேதான் இருக்கிறது’ என்பதே பதில். அப்புறம் கார்மன் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கருவியில் குறை இல்லை, சுழல்கள் இருபுறமும் மாறி மாறி உருவாவதுதான் அந்த ஓட்டத்தின் இயல்பு என்று தெரிந்தது. இன்று உயரமான புகைபோக்கியை வடிவமைக்கிறவர்கள் கணக்கில் எடுக்கும் கார்மன் சுழல் வரிசை இதுதான். கார்மன் பிராண்டலிடம் முனைவர் பட்டம் பெற்றவர். இந்தக் கதையைப் பின்னாளில் சொன்னவரும் அவர்தான். ஆசிரியரின் பெருமை அதில் ஓர் இம்மியும் குறையவில்லை. வினோதமான முடிவு வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு என்ற பிராண்டலின் பழக்கம் நமக்குத் தெரியவருகிறது. அந்த ஒரு தடவை அது பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டப்பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எங்கள் டிராயிங் ஆசிரியருக்கு ‘சென்டர் லைன்’ என்று பெயர். எந்த ஷீட்டைக் கொண்டுபோனாலும் முதலில் ‘சென்டர் லைன் எங்கே?’ என்பார். மையக்கோடு இல்லாமல் வட்டம் போட்டிருந்தால் மேற்கொண்டு பார்க்கவே மாட்டார். அந்தப் பெயரில் அவர் பாடமே இருக்கிறது, எடுக்கக் கூடாது. உடல், நிறம், நடை, திக்குவாய் இவற்றிலிருந்து வந்த பெயரென்றால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

மற்றபடி, கட்டுரை அனுப்பியவர்களுக்குத் திரும்ப எழுதி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சார் உங்கள் தாளில் எதைத் திருத்தினார்? ஒரு கோடாக இருக்கலாம், விட்டுப்போன ஓர் அலகாக இருக்கலாம், வைவாவில் மடக்கிய கேள்வியாக இருக்கலாம். பழைய ரெக்கார்ட் நோட்டை வைத்திருப்பவர்கள் சிவப்பு மை உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்பட்டும். பாராட்டு வரிகளை நீங்கள் வெட்ட வேண்டியிருக்காது, எழுதியவர்களே வெட்டிவிடுவார்கள்.

இன்னொன்று. ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரையும் லேப் உதவியாளரையும் விட்டுவிடாதீர்கள். ராவிய இரும்பின் மேல் டிரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தவருக்குப் பேராசிரியர் என்ற பட்டம் இல்லை. அவருக்கு யாரும் மலர் போடுவதும் இல்லை. உங்கள் பேராசிரியரோடு நெடுங்காலம் வேலை செய்த உதவியாளர் இருந்தால் போய்ப் பாருங்கள். எழுத வராது என்றால் அவர் சொல்வதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாளைய சோதனைக்கு அவர் முந்தின நாள் என்னென்ன தயார் செய்துவைப்பார் என்பது மாணவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது.

மலர் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.

அன்புடன்.