பனிமலைக்குத் தனியாகப் போக என்ன தயாரிப்பு வேண்டும்?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஜனவரியில் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா சிகரத்துக்குத் தனியாக ஏறப்போகிறாராம், பனியைப் பார்த்ததே இல்லை, தினமும் பத்து கிலோமீட்டர் நடக்கிறார், இது போதுமா?

போதாது தம்பி. நம் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான், நீங்கள் ஏறப்போவதோ கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்துக்கு. இன்றே பையில் எட்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடிப் படியில் ஏறி இறங்க ஆரம்பியுங்கள், இறக்கத்தில்தான் முட்டி வாங்கும் என்பதால் இறங்குவதையும் நிதானமாகப் பழகுங்கள். மாதம் ஒருமுறை திருச்சி மலைக்கோட்டையில் அந்த நானூறு சொச்சம் படிகளை அதே பையோடு ஏறிப் பாருங்கள். நடவு வயலில் கால் புதைய நடந்தவர் என்றால் புதுப்பனியில் நடப்பது ஓரளவு பிடிபடும், இறுகிய பனிக்கு மட்டும் ஷூவில் மாட்டும் முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக் வேண்டும்.

அடுத்து துணி. பருத்தி வேண்டவே வேண்டாம், உள்பனியன் உட்பட. என் முதல் பனி நடையில் பருத்தி பனியன்தான் போட்டிருந்தேன். ஏறும்போது வியர்த்து நனைந்தது, மேலே நின்ற ஐந்தே நிமிடத்தில் உடம்பு உதறியது, ஒரு கையுறை கழன்று விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை, பின்னால் வந்தவர்தான் எடுத்துக் கொடுத்தார். தெர்மல் உள்ளாடை, ஃப்ளீஸ் என்னும் கதகதப்பான மேல்சட்டை, காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போட்டு, வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். கறுப்புக் கண்ணாடியும் அவசியம், பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கிவிடும்.

அந்தக் கையுறைக்காகத்தான் தனியாக ஏறாதீர்கள் என்கிறேன். குளிர் ஏறினால் நாக்கு குழறும், நடை தடுமாறும், புத்தியும் மந்தமாகும், ஆனால் குளிரில் மாட்டிக்கொண்டவருக்கு அது தெரியாது. உயரமும் அப்படித்தான். உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. தலைவலியோடு குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது, கூடினால் உடனே இறங்க வேண்டும். மலை உயரத்தால் வரும் உபாதைக்குப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சரி, மன்னார்குடியிலிருந்து டேராடூன் வழியாக, மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமம் வரை தாராளமாகத் தனியாகப் போங்கள். அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு ஏறுங்கள், எத்தனை மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்புவது என்று முதல் நாளே அவரோடு பேசி முடிவு செய்து, அதை வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.