டெஸ் தரவில் ஆழம் மாறும் பள்ளங்கள்: கோளா, இரட்டை விண்மீனா?

வணக்கம். சூரியனை ஒத்த ஒரு விண்மீனை நாசாவின் கோள் தேடும் விண்தொலைநோக்கியான டெஸ் அளந்த ஒளி வளைவில் (நேரத்துக்கேற்ப ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) 1.4 நாளுக்கு ஒருமுறை பள்ளம் விழுவதாகவும், அது ஒருமுறை 8 சதவீதம், அடுத்தமுறை 5 சதவீதம் என்று மாறி மாறி வருவதாகவும் எழுதி, இது புதிய கோளாக இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். என் கணிப்பில் அது கோள் அன்று. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்.

கோள் தன் விண்மீனின் முன்னால் கடக்கும்போது பள்ளத்தின் ஆழம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வெப்பநிலை வேறுபட்ட இரு விண்மீன்கள் மாறி மாறி மறைத்துக்கொள்ளும்போதுதான் ஆழம் இப்படி மாறும் என்பதால், உண்மையான சுற்றுக்காலம் 2.8 நாளாக இருக்கும். அளவும் ஒத்துவரவில்லை. வியாழன் சூரியனைக் கடந்தால் சுமார் 1 சதவீத ஒளிதான் குறையும். 1999இல் முதன்முதலாகக் கடப்பு காணப்பட்ட எச்டி 209458 பி என்ற கோள்கூடத் தன் விண்மீனை ஏறத்தாழ 1.5 சதவீதமே மங்கச் செய்கிறது.

ஒற்றைப்படை, இரட்டைப்படைப் பள்ளங்களைத் தனித்தனியே அளந்திருக்கிறீர்கள். மிக நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். இனி பள்ளத்தின் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: தட்டையாக இல்லாமல் ஆப்புபோல் கூராக இருந்தால் இரட்டை விண்மீன் என்ற ஐயம் இன்னும் வலுக்கும். டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி வானில் 21 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) அகலத்தை அடக்குவதால், மறைப்பு அண்டை விண்மீனுடையதாகவும் இருக்கலாம். ஐரோப்பிய விண்கலமான கையா தொகுத்த விண்மீன் பட்டியலில் சுற்றுப்புறத்தைச் சரிபார்த்துவிட்டு, 2.8 நாளில் மடித்த (ஒவ்வொரு சுற்றின் தரவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய) வரைபடத்தை இங்கே இடுங்கள்.