அந்த ஃபிளாஸ்கில் இருப்பது எந்தச் செல்?

இரத்தக்குழாய் உள்வரிச் செல்களுக்கு (குழாயின் உட்சுவரைப் போர்த்தும் செல்கள்) டெலோமரேஸ் (குரோமோசோம் நுனி தேயாமல் காக்கும் நொதி) கொடுத்து ஓயாமல் வளர்ப்பதைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் பாசேஜ் எண்ணை, அதாவது செல்களை எத்தனை முறை புது ஃபிளாஸ்குக்கு மாற்றினார்கள் என்பதை, குறிப்பிடவே இல்லை. அவர்களுக்குப் பதிலும் இல்லை.

தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த செல்கள் எட்டாவது பாசேஜிலேயே பரந்து, ஊதி, பிரிவதை நிறுத்திவிட்டன. மீடியத்தை (வளர்ப்புத் திரவத்தை) மாற்றவா? (ஆய்வு மாணவி, தொண்டி)

எண்ணைச் சொன்னதற்கு நன்றி. மீடியத்தைத் திட்டாதீர்கள், அவற்றுக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் டெலோமியரில் (குரோமோசோம் நுனியில்) 50 முதல் 100 டிஎன்ஏ எழுத்து தேயும். செல் ஆய்வாளர் ஹேஃபிளிக் 1961இல் காட்டியதும் செல் பிரிவுக்கு உள்ள இந்த மாதிரி எல்லையைத்தான். பாசேஜையும் பிரிவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஒரு ஃபிளாஸ்க் செல்லை மூன்று ஃபிளாஸ்கில் பகிர்ந்தால் ஒரு பாசேஜுக்குச் சுமார் ஒன்றரைப் பிரிவு. டெலோமரேஸுக்கான டெர்ட் மரபணுவை ஏற்றுவதாக இருந்தால் இளம் பாசேஜிலேயே ஏற்றுங்கள்.

டெர்ட் ஏற்றினால் அது புற்றுநோய்ச் செல் ஆகிவிடாதா? (பரமக்குடி)

அது மட்டும் போதாது. டயர் தேயாத லாரிக்குப் பிரேக் போய்விட்டது என்று அர்த்தமில்லை. 1998இல் ஃபைப்ரோபிளாஸ்டுகளில் (இணைப்புத்திசுச் செல்களில்) ஏற்றினார்கள். ஆயுள் நீண்டது, அடக்கம் கெடவில்லை. ஆனால் புற்றுநோய்களில் பத்துக்கு ஒன்பதில் டெலோமரேஸ் விழித்திருக்கிறது என்பதும் உண்மை. மாதக்கணக்கில் வளர்த்தால் குரோமோசோமைப் பார்த்துவிடுங்கள்.

மகன் துபாயிலிருந்து டெலோமரேஸைத் தூண்டும் மாத்திரை அனுப்பியிருக்கிறான். எனக்கு பிரஷர் உண்டு. சாப்பிடலாமா? (கீழக்கரை)

வேண்டாம். பரமக்குடிக்காரருக்குச் சொன்ன 'பத்துக்கு ஒன்பதை' இன்னொரு தடவை படியுங்கள். டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுங்கள், உங்கள் குழாய்களுக்கு அதுதான் நல்லது.

சிங்கி இறாலுக்குச் சாவே கிடையாதாமே? (பாம்பன்)

அமெரிக்கக் கடல் சிங்கியின் உறுப்புகளில் டெலோமரேஸ் கண்டது நிஜம், சாவில்லை என்பது கட்டுக்கதை. உடம்பு பெருக்கப் பெருக்க ஓடு கழற்றவே தெம்பு போதாமல் செத்துப்போகிறது. பாம்பனில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்களே!

நண்பரின் ஆய்வகத்திலிருந்து ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வந்தேன். மேலே 'இசிவி' என்று எழுதியிருக்கிறது. சாகாத உள்வரிச் செல்தானே? போட்டோ இணைத்துள்ளேன். (மண்டபம்)

போட்டோவில் அளவுகோல் இல்லை, பாசேஜ் எண் இல்லை. வியர்வையில் கரைந்த மார்க்கர் எழுத்து மட்டும் தெரிகிறது. தம்பி, அது இசிவி304 என்றால் உங்களிடம் இருப்பது இரத்தக்குழாயே அல்ல, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்.

1990இல் ஜப்பானில், தொப்புள்கொடிச் சிரையிலிருந்து தானாகவே சாகாவரம் பெற்ற செல் என்று இதை அறிவித்தார்கள். டெலோமரேஸ் ஏற்றும் வேலையே மிச்சம் என்று உலகமே வாங்கி வளர்த்தது. 1999இல் டிஎன்ஏ கைரேகை பார்த்தால், டி24 என்ற பழைய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்லோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது! எப்போதோ ஒரு பிப்பெட் மாறியிருக்கும். வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதை விழுங்கிவிடும்.

நானும் ஏமாந்தவன்தான். வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் இரண்டு வருடம் இதை வைத்து இரத்தக்குழாய் ஆராய்ச்சி செய்தேன். கூழாங்கல் பாவிய தரைபோல அழகாகப் படியும், மேட்ரிஜெல் என்ற கூழில் விட்டால் குழாய் வலைகூடப் பின்னிக் காட்டும். உள்வரிச் செல்லின் அடையாளப் புரதமான சிடி31க்குச் சாயம் போட்ட அன்று தட்டு முழுக்க இருட்டு. பக்கத்தில் வைத்த தொப்புள்கொடிச் செல்லில் மட்டும் எல்லைக்கோடுகள் பச்சையாக மின்னின. அந்த இரண்டு வருட நோட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன.

எனவே சிடி31, விஈ-கேட்ஹெரின், வான் வில்லிபிராண்ட் காரணி என்ற உள்வரிச் செல் அடையாளங்கள் மூன்றையும் பாருங்கள். அதற்கும் முன்னால் எஸ்டிஆர் சோதனைக்கு (செல்லின் டிஎன்ஏ கைரேகை) அனுப்புங்கள், ஒரு மாத மீடியச் செலவுதான் ஆகும். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நண்பர் நல்லவராக இருக்கலாம், அவர் ஃபிளாஸ்க் நல்லதா என்பது வேறு கேள்வி.

பிரசவ வார்டிலிருந்து தொப்புள்கொடியை மீன் ஐஸ் பெட்டியில் எடுத்து வரலாமா? (இராமநாதபுரம்)

முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி, தாயின் கையெழுத்து. இரண்டும் இருந்தால் தெர்மாகோல் பெட்டி எதுவானாலும் சரி, மீன் போட்டது மட்டும் ஆகாது. கிருமி நீக்கிய உப்புக்கரைசலில் கொடியை மூழ்க வைத்து, ஐஸ் நேரடியாகப் படாமல் கொண்டுவந்து, மறுநாளுக்குள் செல்களைப் பிரித்துவிடுங்கள். வாய் அகன்று சுவர் மெலிந்தது சிரை, மற்ற இரண்டும் தமனி. சிரைக்குள் கொலாஜினேஸ் (செல்களைப் பெயர்த்தெடுக்கும் நொதி) 37 டிகிரியில் பத்து நிமிடம் போதும், அரை மணி விட்டால் தசைச் செல்லும் சேர்ந்து வரும். முதல் குப்பியை உறையவைக்கும் அன்றே எஸ்டிஆருக்கும் கொஞ்சம் எடுத்துவையுங்கள்.