தரம் 3 படிக்கிற மகளை இப்போதே புலமைப்பரிசில் வகுப்புக்கு அனுப்பலாமா?

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் டியூஷன் போகிறார்கள், என் மகள் பின்தங்கிவிடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், இப்போது வேண்டாம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 5க்குப் படிப்பிக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் பிள்ளைகள் பயப்படுவது முதலாம் வினாத்தாளுக்குத்தான். 1 மணித்தியாலத்தில் 40 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். அடுத்து வரும் உருவம் எது, விடுபட்ட எண் எது என்று யோசிக்க வைக்கிற கேள்விகள். மனப்பாடம் அங்கே உதவாது. என் வகுப்பில் பாதிப் பிழை கேள்வியைக் கடைசிவரை வாசிக்காததால் வருவது. 'பொருந்தாதது எது' என்றிருக்கும், பொருந்துவதைத் தேடுவார்கள்.

கணக்கென்றாலே தலைகுனிகிற ஒரு பிள்ளை என்னிடம் படித்தாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள்: "டீச்சர், நேத்து அம்மா கொழுந்து பறிச்சது காலையில 7 கிலோ, பகல் 6, அந்திக்கு 8. நிறுக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் 1 கிலோ கழிச்சிட்டாங்க." அங்கே 20 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். எவ்வளவு குறைகிறது என்று கேட்டேன். "2 கிலோ. கழிக்காம விட்டிருந்தா அம்மாவுக்கு முழுப்பேர் விழுந்திருக்கும்." விரல்கூட மடக்கவில்லை. அதையே கேள்வியாகப் பலகையில் எழுதினேன். தன் கதைதான் அது என்று தெரிந்ததும் கடைசிச் சொல்வரை வாசித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால் இப்போதைக்கு இரவில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்ததைத் தன் வார்த்தையில் சொல்லட்டும். கடைக்குப் போனால் மிச்சக் காசை அவளே கணக்குப் பார்க்கட்டும். கடந்தகால வினாத்தாள் எல்லாம் தரம் 5 வந்த பிறகு, வாரத்துக்கு ஒன்று, மணிக்கூட்டை வைத்து. அப்புறம், வெட்டுப்புள்ளி, அதாவது புலமைப்பரிசிலுக்குத் தேவையான குறைந்த புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. கொழும்பில் இருக்கிற சொந்தக்காரப் பிள்ளையின் புள்ளியோடு இவளை ஒப்பிடாதீர்கள்.

பிழை விட்டால் சரியான விடையை உடனே சொல்லிவிடாமல், "ஏன்மா இதைப் போட்ட?" என்று கேளுங்கள். பாதிச் சமயம், காரணம் சொல்லிக்கொண்டு வரும்போதே அவளே பிடித்துவிடுவாள்.