சிறிய கண்ணும் விலை உயர்ந்த லென்ஸும்

“அம்மாவுக்கு வயது 67. வலது கண்ணில் புரை அறுவை செய்தபின் மூன்று வாரம் மங்கலாக இருந்து பிறகே பார்வை தெளிந்தது. ‘சிறிய கண், முன்னறை ஆழம் 2.3 மி.மீ.தான், கருவிழிச் செல்கள் குறைந்துவிட்டன’ என்றார்கள். இடது கண்ணுக்கு அறுபதாயிரம் ரூபாய் லென்ஸ் வைத்தால் செல்கள் பாதிக்காது என்கிறார் மருத்துவமனை கவுன்சிலர். வைக்கலாமா?” – வாசகர், திண்டுக்கல்

அந்த அறுபதாயிரத்தை எடுத்து வைத்துவிடுங்கள். லென்ஸின் விலைக்கும் கருவிழிச் செல்லுக்கும் சம்பந்தமில்லை.

கருவிழி என்று இங்கே சொல்வது கார்னியாவை, அதாவது கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலத்தை. அதன் உட்புறத்தில் ஒரே அடுக்காக இருக்கும் இச்செல்கள்தான், உள்ளே ஊறும் நீரை ஓயாமல் இறைத்துக் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கின்றன. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 இருக்கும். அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. எண்ணிக்கை 500ஐ ஒட்டி இறங்கினால் கருவிழி நீர் கோத்து வெளுக்கும்.

கருவிழிக்கும், புரை விழும் கண்ணின் சொந்த லென்ஸுக்கும் நடுவிலுள்ள முன்னறை பலருக்கு 3 மி.மீ. ஆழம் இருக்கும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. தாழ்ந்த ஓட்டு வீட்டுக்குள் கம்பு சுற்றுவது போலத்தான் அங்கே புரையை உடைப்பது. புரையை உடைத்து உறிஞ்சும் ‘பேக்கோ’ கருவி முனையின் அதிர்வும், சிதறும் துண்டுகளும் செல்களுக்கு வெகு அருகில். புது லென்ஸ் உள்ளே போவதற்குள் சேதத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

“முற்றட்டும், பார்க்கலாம்” என்று இழுத்தடிக்கும் உறவினர்களின் பேச்சையும் கேட்காதீர்கள். முற்றிய புரை கடினமாகும், உடைக்கக் கூடுதல் விசை வேண்டும். தடித்து, இருக்கிற இடத்தையும் அடைக்கும்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் கேளுங்கள்: காலையில் எழுந்ததும் இடது கண் மங்கலாக இருந்து, பதினொரு மணிவாக்கில் தெளிகிறதா? தூங்கும்போது இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாகாமல் கருவிழியில் தேங்கும். விழித்த பிறகே வற்றும். வெறும் புரை இப்படி நேரம் பார்த்து மங்காது. அப்படி இருந்தால் செல்களே நோயுற்றிருக்கலாம். ஃபூக்ஸ் என்ற நோய் இப்படித்தான் தலைகாட்டும். அப்போது கருவிழி நிபுணரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸ் பேச்சே வேண்டாம்.

இந்தச் செல்களை எண்ணும் ஸ்பெக்குலர் பரிசோதனை வலிக்காது, சில நிமிடத்தில் முடியும். ஆனால் பல பேக்கேஜ்களில் லென்ஸுக்கு நான்கு விலை இருக்கும், இதற்கு இடமிருக்காது. எடுத்தாலும் தாளைக் கையில் தருவதில்லை. “ஃபைலில் இருக்கிறது” என்பார்கள். நகல் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். வலது கண்ணின் எண்ணிக்கையையும் முன்னறை அளவையும், கவுன்சிலரிடம் அல்ல, அறுவை செய்யப்போகும் மருத்துவரிடமே காட்டி, “செல்களைக் காக்க எந்த ஜெல் பயன்படுத்துவீர்கள்?” என்று கேளுங்கள்.