புதுமைப்பெண் பணம் ஏன் வரவில்லை? – கடிதம்

ஐயா,

அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டப் பணம் தோழிகளுக்கு ஏறிவிட்டது, எனக்கு வரவில்லை. "ஆயிரத்துக்கு அலையாதே, துணிக்கடைக்குப் போனால் அதைவிடக் கிடைக்கும்" என்கிறார் அப்பா. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

அலையத்தான் வேண்டும். மாதம் தவறாமல் வந்தால் மூன்று ஆண்டுக்கு 36,000 ரூபாய்.

கடைச் சம்பளம் கூடுதல்தான். ஆனால் கடைக்கு ஆள் தேவைப்படுவது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில். செமஸ்டர் தேர்வு நெருங்குவதும் அப்போதுதான். ஆய்வகத்தில் ஒரு டைட்ரேஷன் வகுப்பைத் தவறவிட்டால் ரெக்கார்டில் அந்தச் சோதனைக்குக் கையெழுத்து விழாது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால், இந்த ஆயிரம் அப்படியே தேர்வுக் கட்டணத்துக்கும் ரெக்கார்ட் நோட்டுக்கும் ரீசார்ஜுக்கும் நிற்கும். கட்டணத்துக்குக் கடைசித் தேதி வரும்போது வீட்டில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இனி பணத்தைத் தேடுவோம். பெரும்பாலும் சிக்கல் வங்கியில்தான். "ஆதார் கொடுத்தாச்சே" என்பீர்கள். கணக்கு தொடங்க ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் பெற ஆதாரை அந்தக் கணக்கோடு சீடிங் செய்வது, அதாவது அரசுப் பணம் வந்து விழ வேண்டிய கணக்கு இதுதான் என்று பதிவது, வேறு. பணம் தேடிப் போவது கணக்கு எண்ணை அல்ல, ஆதார் எண்ணை. அந்த எண் கடைசியாக எந்த வங்கியில் சீடிங் ஆனதோ, அங்கே போய் விழும். பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கிலேயே உங்கள் பணம் கிடக்கலாம்.

மைஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்றும் வர வேண்டும். ஓ.டி.பி. வராவிட்டால் ஆதாரில் பழைய செல்போன் எண் இருக்கலாம். அப்படியானால் முதலில் ஆதார் மையத்தில் அதை மாற்றுங்கள். சீடிங் இல்லையென்றால் வங்கிக்கே போய், "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங்" என்று சொல்லிப் படிவம் கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்கில் ஏறுவது. "லிங்க் பண்ணணும்" என்று மட்டும் சொன்னால் வேறு படிவத்தை நீட்டிவிடுவார்கள்.

வங்கியில் எல்லாம் சரி என்றால் கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் யூமிஸ் (கல்லூரி மாணவர் பதிவு), எமிஸ் (பள்ளி மாணவர் பதிவு) எண்களோடு போங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதை எமிஸ் பதிவு காட்ட வேண்டும். நடுவில் ஒரு வகுப்பு விடுபட்டிருந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். அதைத் திருத்த, படித்த பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. இதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.